எல்லோருக்கும் ஒரே லிங்க், ஆளுக்கொரு வகுப்பு

2020 மார்ச் 16 அன்று தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மறுநாள் முதல் மார்ச் 31 வரை பள்ளி, கல்லூரிகள் மூடப்படும். விடுதி மாணவர்கள் பலர் இரண்டு வாரத்துக்கு வேண்டிய துணிமணியோடு ஊருக்கு பஸ் ஏறினார்கள். புத்தகமும் லேப்டாப்பும் அறையிலேயே இருந்தன. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. ஜூனில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக விடுதிகளையே சென்னை மாநகராட்சி கொரோனா சிகிச்சைப் பணிக்குக் கேட்டது.

இரண்டு வாரம் என்று தொடங்கிய விடுமுறை, விட்டுவிட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது. முதுநிலை இறுதியாண்டு அறிவியல், தொழில்நுட்ப மாணவர்கள் 2020 டிசம்பர் 2 அன்று கல்லூரிக்குத் திரும்பினார்கள். இளநிலை இறுதியாண்டினர் டிசம்பர் 7 முதலும், மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8 முதலும் வந்தார்கள். ஒன்றரை மாதத்தில் இரண்டாம் அலை வரவே, மார்ச் கடைசியில் மறுபடி ஆன்லைன். செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் திறந்தன. 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்காக மூடி, பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்தன.

இந்தக் காலத்தில் நம் கல்லூரி மாணவர்கள் எப்படிப் படித்தார்கள், எங்கே சிக்கினார்கள், ஏன் சிக்கினார்கள் என்பதைப் பார்ப்போம். “ஆன்லைன் வகுப்பா, அது சுத்த வேஸ்ட்” என்று ஒரு தரப்பும், “பசங்க ஒழுங்கா கவனிக்கல” என்று இன்னொரு தரப்பும் இன்றைக்கும் சொல்கின்றன. இரண்டுமே பாதிக் கதை.

நடந்தது ஆன்லைன் கல்வியா?

ஆன்லைன் கல்வி கொரோனாவுக்கு முன்பே இருந்தது. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் அதற்கு நல்ல உதாரணம். பாடத்தைச் சிறு சிறு வீடியோக்களாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். மாணவர் தனக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம். வாராவாரம் ஒரு பயிற்சித் தாள் வரும். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அந்தப் பாடம் முதலிலிருந்தே திரைக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது.

2020ல் நடந்தது வேறு. வகுப்பறைக்காகத் தயாரித்த பாடத்தை, அதே கால அட்டவணையோடு, அதே போர்ஷனோடு, ஒரே வாரத்தில் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் தூக்கி வைத்தார்கள். சார்லஸ் ஹாட்ஜஸும் நான்கு அமெரிக்கக் கல்வியாளர்களும் 2020 மார்ச் 27 அன்றே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். முழு ஆன்லைன் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டு உருவாக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். இப்போது நடப்பது நெருக்கடி கால மாற்று ஏற்பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

நம் பேராசிரியர்களுக்கு அந்த ஆறு மாத அவகாசம் கிடைக்கவில்லை. கரும்பலகையில் இருபது வருடம் கணக்குப் போட்டவர், சமையலறை மேடையில் போனை நிறுத்தி வைத்து வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டினார். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி எல்லோரும் உள்ளே வர வேண்டும். 2020 ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பாதுகாப்பான தளம் இல்லை என்று எச்சரித்தது. கல்லூரிகள் பல வேறு செயலிக்கு மாறின. “குரல் கேக்குதா? ஸ்கிரீன் தெரியுதா?” என்று விசாரிப்பதிலேயே ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் கரைந்தது.

குரல் ஏன் விட்டு விட்டு வந்தது?

யூடியூபில் படம் ஓடுகிற அதே போனில் வகுப்பு மட்டும் ஏன் உறைந்து நின்றது என்று பல வீடுகளில் கேட்டார்கள். பதிவு செய்த வீடியோ குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர். நேரலை, குழாயில் அந்த நொடி வருகிற தண்ணீர். யூடியூப் அடுத்த சில நிமிடங்களுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் நடுவில் விட்டுப்போனாலும் தெரியாது. நேரலை வகுப்பில் அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை. இணைப்பு மூன்று நொடி தடுமாறினால் பேராசிரியரின் அந்த மூன்று நொடி போனதுதான்.

நேரலை இன்னொரு பாரத்தையும் ஏற்றியது. கேமராவைப் போட்டால் மாணவரின் படமும் மேலே ஏற வேண்டும். மொபைல் இணையத்தில் இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகம் பொதுவாகக் குறைவு. காலை பத்து மணிக்கு ஒரே டவரில் ஊரிலுள்ள பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாக ஏறினால் இருக்கிற வேகமும் பங்கிடப்படும். சுவர்களுக்குள் சிக்னல் இன்னும் மங்கும். மாணவர்கள் மொட்டை மாடிக்கும் வயல் வரப்புக்கும், மலைக் கிராமங்களில் பாறை உச்சிக்கும் போனதற்குக் காரணம் இதுதான். உயரத்தில் டவருக்கும் போனுக்கும் இடையே தடை குறைவு.

அடுத்தது நெட் பேக். படத்தின் தரத்தைப் பொறுத்து ஒரு மணி நேர நேரலை அரை ஜிபியோ அதற்கு மேலோ சாப்பிடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருந்தவருக்கு மூன்றாவது வகுப்பு முடியும்போது டேட்டா தீர்ந்தது. அந்த ஒரே போனில் தம்பியின் பள்ளி வகுப்பும் நடக்க வேண்டுமென்றால் கணக்கு இன்னும் இடிக்கும்.

தமிழக அரசு 2021 ஜனவரி 10 அன்று 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதங்களுக்கு அது செல்லும். நல்ல உதவிதான், ஆனால் கல்லூரிகள் மூடி பத்து மாதம் கழித்து வந்தது. இலங்கையில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்ற வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. 2020ல் அதன் வழியாக நடந்த வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் டேட்டா கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவருக்கும் கொழும்பு மாணவருக்கும் ஒரே சலுகை. சிக்னல் இல்லாத கிராமத்தின் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை. ஆனாலும் வகுப்புக்காகத் தனியாக ரீசார்ஜ் செய்ய வேண்டிய பாரம் குறைந்தது.

பெஞ்சு போனது, வீடு வந்தது

இதைவிட ஆழமான இழப்பு டேட்டாவோடு சம்பந்தப்படாதது. கல்லூரி வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே கரும்பலகை, ஒரே மின்விசிறி. கூலித் தொழிலாளியின் மகளும் அரசு அதிகாரியின் மகனும் ஒரே நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். வீட்டில் மேஜை இல்லாதவருக்கு அங்கே மேஜை உண்டு. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை யாரும் வேலை சொல்லாத நேரமும் உண்டு. அது பெரிய சொத்து.

ஆன்லைன் வகுப்பு ஒவ்வொரு மாணவரையும் அவரவர் வீட்டு நிலைமைக்கே திருப்பி அனுப்பியது. லிங்க் ஒன்றுதான், வகுப்பு ஆளுக்கு ஆள் மாறியது. தனி அறையும் வைஃபையும் லேப்டாப்பும் இருந்தவர் ஒரு வகுப்பில் உட்கார்ந்தார். ஒற்றை அறை வீட்டில், டிவி சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே, விரிசல் விழுந்த போன் திரையில் பார்த்தவர் இன்னொரு வகுப்பில் இருந்தார்.

தமிழ்நாட்டில் இது ஏன் அதிகம் வலித்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019-20ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 27.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 51.4. கல்லூரிக் கதவு இங்கே அகலமாகத் திறந்திருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெருமளவில் உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் வீடுகளில் கல்லூரிப் பாடத்துக்கு உதவ ஆள் இல்லை, பெரும்பாலும் கணினியும் இல்லை. தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 2017-18ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, கிராமப்புற இந்தியாவில் 4.4 விழுக்காடு வீடுகளில் மட்டுமே கணினி இருந்ததாகச் சொல்கிறது. நகரத்திலும் அது 23.4 விழுக்காடுதான்.

ஊரடங்கில் அப்பாவின் வருமானம் நின்ற வீடுகளில் பையன்கள் வேலைக்குப் போனார்கள். கட்டட வேலை, பனியன் கம்பெனி, உணவு டெலிவரி என்று கிடைத்ததைச் செய்தார்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு லோடு ஏற்றியவர்களும் அட்டென்டன்ஸ் பட்டியலில் ‘பிரசன்ட்’ தான். பெண்பிள்ளைகளுக்கு வேறு வகைச் சுமை. “வீட்லதானே இருக்கே” என்ற ஒரு வாக்கியத்தில் பாத்திரமும் துணியும் தம்பி தங்கையும் அவர்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தன. வகுப்பு நேரம் என்பது வீட்டார் கண்ணுக்குப் போன் பார்க்கும் நேரமாகத் தெரிந்தது.

கேமராவை ஏன் அணைத்தார்கள்?

பேராசிரியர்களின் பெரிய குறை இது. அறுபது பேர் வகுப்பில் அறுபது வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. கேள்வி கேட்டால் பதில் வராது. சுவரைப் பார்த்துப் பேசுவது போல இருக்கிறது என்று நொந்துகொண்டார்கள்.

மாணவர் பக்கத்தில் காரணங்கள் பல. முதலாவது டேட்டா. இரண்டாவது கூச்சம்: ஓட்டு வீட்டையும், பின்னால் நடமாடும் குடும்பத்தையும் வகுப்பு முழுக்கக் காட்ட மனம் வரவில்லை. மூன்றாவது அசதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021ல் வெளியிட்ட கட்டுரையில் வீடியோ சந்திப்பு ஏன் ஆளைச் சோர்வாக்குகிறது என்பதற்கு நான்கு காரணங்கள் சொன்னார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது போன்ற உணர்வு. நம் முகத்தையே நாம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. அசையாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டியது. சாதாரணமாகத் தலையசைப்பில் புரிவதைக்கூட முயன்று தெரிவிக்கவும் புரிந்துகொள்ளவும் வேண்டியது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இப்படி இருந்தால் யாருக்கும் தலை கனக்கும்.

கேமராவை அணைத்தவர்களில் தூங்கியவர்களும் விளையாடியவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் தூங்குபவரைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடித்து எழுப்புவார். புரியாததை இடைவேளையில் நண்பனிடம் கேட்கலாம். கடைசி பெஞ்சின் கிசுகிசுப்பிலேயே பாதிப் பாடம் புரிந்தவர்கள் ஏராளம். இந்தப் பக்கத்துப் படிப்பு முழுவதும் ஒரே நாளில் நின்றுபோனது. நேரடி வகுப்பில் சுமாராகப் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் இதில் அதிகம் பின்தங்கினார்கள்.

ஆய்வகமும் பட்டறையும்

வரலாறும் பொருளாதாரமும் ஓரளவுக்குத் திரையில் தாக்குப்பிடித்தன. வேதியியல், இயந்திரவியல், செவிலியம் எல்லாம் கையால் கற்க வேண்டியவை. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் கணத்தில் நிறுத்துவதைப் பார்த்துக் கற்க முடியாது. மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் தளம் ஏற்கெனவே இருந்தது. சோதனையின் முறையை அதில் புரிந்துகொள்ளலாம். கைப்பழக்கம் வராது. கல்லூரிகள் திறந்ததும் இரண்டு பருவ ஆய்வகப் பயிற்சிகளைச் சில வாரங்களில் அவசரமாக முடித்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியவர்கள் பலர்.

தேர்வு: குழப்பத்தின் உச்சம்

வகுப்பைவிட மாணவர்களை அலைக்கழித்தது தேர்வுதான். 2020 ஜூலை 23 அன்று தமிழக அரசு இறுதியாண்டு தவிர மற்ற மாணவர்களுக்குப் பருவத் தேர்வை ரத்து செய்தது. இன்டர்னல் மதிப்பெண்ணையும் முந்தைய பருவ மதிப்பெண்ணையும் கொண்டு தேர்ச்சி தரப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று அரியர் தேர்வுகளும் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், தேர்ச்சி. ‘ஆல் பாஸ்’ என்று ஊருக்கு ஊர் கொண்டாட்டம். முதலமைச்சருக்கு நன்றி சொல்லிப் பேனர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தேர்வே எழுதாமல் அரியரில் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. கொண்டாடியவர்கள் மறுபடி புத்தகத்தைத் தேடினார்கள்.

இறுதியாண்டினருக்குத் தேர்வு உண்டா இல்லையா என்பதே 2020 கோடையின் பெரிய கேள்வி. நடத்தியே ஆக வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாநிலங்கள் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தள்ளிவைக்கலாம். தேர்வில்லாமல் பட்டம் தர முடியாது என்பது தீர்ப்பு.

இறுதியாண்டுத் தேர்வை நடத்த இரண்டு வழிகள் வந்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் கேமரா கண்காணிப்போடு ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வை நடத்தியது. இந்த முறையில் மென்பொருள் மாணவரின் முகத்தைப் படம் பிடிக்கும். தலை திரும்பினாலோ, இன்னொருவர் திரையில் தெரிந்தாலோ, பின்னணியில் பேச்சுக் கேட்டாலோ குறித்து வைக்கும். அமைதியான தனி அறையில் இருப்பவரை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் பின்னணிப் பேச்சு இல்லாமல் எப்படி இருக்கும்? அடுத்த பருவத்துக்கும் இதே முறை தொடர்ந்தது. முடிவுகள் வந்தபோது தோற்றவர்களும், முறைகேட்டுச் சந்தேகத்தில் முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்களும் பெருந்திரளாக இருந்தார்கள். 2021 மேயில் பொறுப்பேற்ற புதிய அரசு மறுதேர்வு நடத்த உத்தரவிட்டது.

இரண்டாவது வழி, வீட்டிலேயே எழுதுவது. வினாத்தாள் இணையத்தில் வரும். ஏ4 தாளில் எழுதி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அசல் தாளை ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். மாணவர்கள் ஸ்கேன் செய்யப் பரவலாகப் பயன்படுத்திய கேம்ஸ்கேனர், 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்று. வேறு செயலியைத் தேடினார்கள். விடையை எழுதுவதைவிட அதை ஏற்றுவதுதான் பலருக்குப் பெரிய தேர்வாக இருந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினார்கள் என்பதும் ஊரறிந்த உண்மை. கேள்விகள் மனப்பாடத்தைக் கேட்கிற பழைய பாணியிலேயே இருந்ததால் காப்பி அடிப்பது சுலபமானது.

இதன் தொடர்ச்சிதான் 2021 நவம்பரில் மதுரையிலும் வேறு ஊர்களிலும் நடந்த மாணவர் போராட்டம். ஆன்லைனில் பாடம் நடத்திவிட்டு நேரில் தேர்வா என்று கேட்டார்கள். சோம்பேறித்தனம் என்று சிலர் ஏசினார்கள். கேட்டவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது: மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஜனவரியில் நேரடித் தேர்வு என்று முடிவானது; மூன்றாம் அலை வந்து, பிப்ரவரியில் தேர்வு ஆன்லைனுக்கே திரும்பியது.

கிடைத்ததும் உண்டு

எல்லாமே நட்டக் கணக்கில்லை. பதிவு செய்த பாடத்தை நிறுத்தி, திரும்பிப் பார்க்க முடிந்தது மெதுவாகக் கற்பவர்களுக்குப் பெரிய வரம். வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்கத் தயங்கியவர் சாட்டில் தட்டச்சு செய்து கேட்டார். படியேறச் சிரமப்பட்ட மாற்றுத்திறனாளிக்கு வகுப்பு வீடு தேடி வந்தது. சிறு ஊர்க் கல்லூரி மாணவர் தன் கல்லூரிக்கு ஒருபோதும் வந்திராத அறிஞரின் உரையைக் கேட்டார். கூடவே வெபினார்களும் வினாடி வினாக்களும் இ-சான்றிதழ்களும் பெருகின. நாளுக்கு நான்கு சான்றிதழ் சேர்த்தவர்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை எந்த நிறுவனமும் கேட்கவில்லை. நல்ல நிரல்மொழிப் பாடத்தையோ ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையோ ஒழுங்காக முடித்தவர்கள் பயனடைந்தார்கள்.

இனி என்ன?

2021 ஆகஸ்டில் ஒரு தனியார் வங்கியின் நேர்காணல் விளம்பரம் மதுரையில் வெளியானது. 2021ல் படிப்பை முடித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அச்சுப்பிழை என்று வங்கி விளக்கியது. பிழையோ என்னவோ, ‘கொரோனா பேட்ச்’ என்ற முத்திரை மாணவர்கள் மனதில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அன்றைய கொதிப்பு காட்டியது.

அந்த முத்திரை நியாயமற்றது. குறை எங்கே என்று தெரிந்தால் நிரப்பிவிடலாம்: ஆய்வகப் பழக்கம், தொடர்ந்து எழுதும் திறன், கூட்டத்தில் பேசும் தைரியம். வேலைக்கு எடுப்பவர்கள் மூன்று மாதப் பயிற்சியில் சரிசெய்யக்கூடியவை இவை.

கல்லூரிகள் கற்க வேண்டியது வேறு. புயலோ வெள்ளமோ புதுத் தொற்றோ, அடுத்த முறை மூடும் நாள் வரும்போது நேரலையை மட்டும் நம்பக் கூடாது. பாடத்தைச் சிறு பதிவுகளாக, குறைந்த டேட்டாவில் இறங்கும்படி தர வேண்டும். நேரலையைச் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். வருகைப் பதிவைச் சிக்னலோடு கட்டிப்போடக் கூடாது. வீட்டில் எழுதும் தேர்வென்றால் புத்தகத்தைப் பார்த்தாலும் யோசித்தால்தான் விடை வரும் கேள்விகளைக் கேட்க வேண்டும். டேட்டாவும் கருவியும் முதல் மாதத்திலேயே மாணவர் கையில் சேர வேண்டும். முக்கியமாக, நூலகத்தையோ ஒரு கணினி அறையையோ இடைவெளியோடாவது திறந்து வைத்து, வீட்டில் இடமில்லாதவர்கள் வந்து படிக்க வழி செய்ய வேண்டும்.

தொழில்நுட்பம் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். படிக்க ஓர் இடத்தையும் யாரும் தொந்தரவு செய்யாத நேரத்தையும் தருவது கல்லூரியின் வேலை. கட்டடம் மூடியிருக்கும்போதும் அந்த வேலை கல்லூரியுடையதுதான்.